கவாத்தும் கொடியில் நிலைத்தலும்



தம் பாடுகளுக்கு முந்தைய இரவில், எருசலேமில் சீடர்களோடு உணவருந்திய கிறிஸ்து பேசியவற்றை விரிவாகப் பதிந்துவைத்திருக்கும் யோவான் நற்செய்தி, அதன் 15ஆம் அதிகாரத்தில், அவர் தம்மைத் திராட்சைக் கொடியாகவும் தந்தையைத் தோட்டக்காரராகவும் சீடரைக் கிளைகளாகவும் கூறியதைச் சொல்கிறது. இஸ்ரயேல் மக்களையே திராட்சைத் தோட்டமாகப் பாடிய இறைவாக்கினர் ஏசாயாவின் மரபில் வளர்ந்த சீடருக்கு, ஒரு மக்களினம் நின்ற இடத்தில் ஒருவர் கொடியாக நிற்பது பெரும் வியப்பாக இருந்திருக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கில் இவ்வுவமைக்கு உரையாசிரியர் வேண்டியதில்லை. பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுவதும், 2023இல் புவிசார் குறியீடு பெற்றதுமான பன்னீர் திராட்சை, இராயப்பன்பட்டி முதலான ஊர்களில் கல்தூண் நட்டுக் கம்பி கட்டிய பந்தல்களில் படர்ந்திருக்கிறது. முற்றிய குச்சிகளை நான்கைந்து கணு விட்டு வெட்டுவதே கவாத்து. வெட்டுவாயில் நீர் சொட்ட, பந்தல் முழுவதும் மொட்டையாக நிற்க, சில நாட்களில் கணுக்கள் புடைத்துத் தளிரோடு பூங்கொத்தும் வெளிவருகிறது. கவாத்துச் செய்யாத கொடியோ இலையாகவே தழைத்துக் காய்ப்பில் குன்றிவிடும்.

கனி தரும் கிளையையே தந்தை கழித்துவிடுகிறார் என்று கிறிஸ்து கூறியதன் ஆழம் இங்கேதான் விளங்குகிறது: கத்தி பட்ட கிளை கொடியோடுதான் இருக்கிறது, அதன் வழியாகவே மீண்டும் துளிர்க்கிறது. ஆயினும், பிறர் படும் துன்பத்தைப் பார்த்து அது இறைவனின் கவாத்து என்று விளக்கம் சொல்வது கொடுமை. இவ்வுவமையை ஒவ்வொருவரும் தம் வாழ்வுக்கு மட்டுமே பொருத்திப் பார்க்கத் தகும். கொடியிலிருந்து அறுந்து மண்ணில் விழுந்த குச்சியோ அன்று மாலைவரை பச்சையாகவே தெரிகிறது. தேர்த்திருவிழாவும் வாணவேடிக்கையும் குறைவின்றி நடக்கும் ஒரு பங்கிலும், அண்டை வீட்டாரோடு ஆண்டுக்கணக்கில் பகை நீடிக்குமானால், அந்தப் பசுமையை நம்பலாகாது. ஏனெனில் அதே அதிகாரம், கனியைப் பற்றிக் கூறிய கையோடு, ஒருவரையொருவர் அன்புசெய்வதையே கட்டளையாக வைக்கிறது.

கிளைக்கும் கொடிக்குமான இவ்விணைப்பு எவ்வளவு தாங்கும் என்பதற்கு மதுரை மறைத்தளத்தின் வரலாறே சான்று. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலியின் வழிவந்த அப்பணி, 1773இல் திருத்தந்தை இயேசு சபையைக் கலைத்தபின் நலிந்தது. 1838இல் பிரெஞ்சு இயேசு சபையார் திரும்பும்வரை, பல ஊர்களுக்குக் குருக்கள் அரிதாகவே வந்துபோனார்கள். திருப்பலியும் பாவசங்கீர்த்தனமும் அரிதாகிப்போன அந்நெடுங்காலத்தில் விசுவாசத்தைக் காத்தவர்கள் உபதேசியார்கள்: குருப்பட்டம் பெறாத இல்லறத்தார், ஞாயிறுதோறும் ஊராரைக் கூட்டிச் செபம் சொல்லிக்கொடுத்தவர்கள், சாகும் நிலையிலிருந்த குழந்தைகளுக்குத் தாமே நீர் வார்த்து ஞானஸ்நானம் கொடுத்தவர்கள்.