எண்ணெய் குறையவில்லை, இஞ்சின் தேய்ந்தது
(வானொலியில் ஒலிபரப்பான வேளாண் பேச்சு)

மாட்டு வண்டி ஓட்டிய குடும்பங்களுக்கு வண்டி மையைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வைக்கோல் கரியில் விளக்கெண்ணெயைக் குழைத்து அச்சில் தடவாமல் வண்டியைக் கட்டினால், ஊர் எல்லை தாண்டுவதற்குள் சக்கரம் கிரீச் கிரீச் என்று கத்தும். மை போடச் சொல்லி வண்டியே கேட்கும். டீசல் இஞ்சின் அப்படிக் கேட்காது. அது சத்தம் காட்டுவதற்குள் காரியம் கெட்டுவிடும்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு பெரியவர், கிணற்றில் 5 குதிரைசக்தி டீசல் இஞ்சின் வைத்து இரண்டு ஏக்கர் நெல் பயிர் செய்பவர். ஒரு முறை வயல் பார்க்கப் போனபோது இஞ்சினின் அளவுக் கம்பியை உருவிக் காட்டினார். எண்ணெய் மேல் கோடு வரை நின்றது. "நல்லா வச்சிருக்கீங்க அய்யா" என்று பாராட்டிவிட்டு வந்தேன். எண்ணெய் மாற்றி எத்தனை நாளாயிற்று என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த பட்டத்தில், கதிர் வெளிவரும் சமயம் பார்த்து இஞ்சின் இழுக்க மறுத்தது. ஒரே கரும்புகை. மெக்கானிக் பிரித்துப் பார்த்தார். வால்வைத் தூக்கித் திறக்கும் மேட்டுக்குக் கேம் என்று பெயர். அந்த மேடு மழுங்கிப் போயிருந்தது. அதனால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை, காற்று போதவில்லை, டீசல் சரியாக எரியவில்லை. உதிரிப் பாகம் வந்து பூட்டுவதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. அதற்குள் கதிரில் பாதி பதராகிவிட்டது. "எண்ணெய் ஒரு சொட்டுக்கூடக் குறையலையே சார், நீங்களே பாத்தீங்களே" என்றார் பெரியவர். எனக்கு வாய் வரவில்லை. அன்று சொல்லாத பதிலைத்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

இஞ்சினுக்குள் எண்ணெய் இரண்டு விதமாக வேலை செய்கிறது. கிராங்க் ஷாப்ட் வேகமாகச் சுழலும்போது பேரிங்குக்குள் எண்ணெயைத் தானே இழுத்துக்கொண்டு அதன் மேல் மிதக்கிறது. அங்கே உலோகமும் உலோகமும் தொடுவதில்லை. ஆனால் கேமும் டாப்பெட்டும் சேரும் இடம் அப்படியல்ல. மிகக் குறுகிய இடத்தில் வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தம் முழுதும் விழுகிறது. எண்ணெய் நசுங்கி விலகிவிடும். இரும்பு பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும் அதிலும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் உண்டு. மேடும் மேடும் மோதினால் பிய்ந்து போகும்.

இதைத் தடுக்கவே எண்ணெயில் ஒரு மருந்தைக் கலக்கிறார்கள். ஜிங்க் டையால்கைல் டைதயோபாஸ்பேட் என்று நீளமான பெயர். மனப்பாடம் செய்ய வேண்டாம். நெல்லுக்கு ஜிங்க் சல்பேட் போடுகிறோமே, அதிலுள்ள அதே துத்தநாகம் இதிலும் இருக்கிறது. கூடவே பாஸ்பரஸும் கந்தகமும் உண்டு. 1940-களில் பேரிங் அரிக்காமலும் எண்ணெய் கெடாமலும் இருப்பதற்காக இதைச் சேர்த்தார்கள். தேய்மானத்தையும் தடுக்கிறது என்பது பிறகு தெரிய வந்தது. எண்ணெயில் இது ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்குதான்.

உரசும் இடத்தில் சூடும் அழுத்தமும் சேர்ந்தவுடன் இந்த மருந்து சிதைந்து, இரும்பின் மேல் கண்ணாடி போன்ற ஒரு படலமாகப் படிகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவுதான் அதன் கனம். நாம் களத்தைச் சாணம் போட்டு மெழுகுவதில்லையா? கால் பட்டுத் தேய்வது மெழுக்குதான், களம் அல்ல. அதேபோல் இங்கே படலம் தேயும், இரும்பு தப்பிக்கும். தேய்ந்த இடத்தை எண்ணெயிலுள்ள மருந்து மறுபடி மெழுகிவிடும்.

ஆனால் சட்டியில் சாணக் கரைசல் தீர்ந்துபோனால் எதைக் கொண்டு மெழுகுவது? சூட்டாலும் காற்றாலும் ஈரத்தாலும் மருந்து நாளுக்கு நாள் குறைகிறது. எண்ணெயில் சேரும் கரி, படலத்தை வேறு சுரண்டுகிறது. பெரியவரின் இஞ்சின் எண்ணெய் குடிக்காத நல்ல இஞ்சின். அதனாலேயே புது எண்ணெய் உள்ளே போகவில்லை, மருந்தும் போகவில்லை. எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்றுதான் அளவுக் கம்பி சொல்லும். மருந்து இருக்கிறதா என்று அது சொல்லாது.

நிறத்தைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. டீசல் இஞ்சினில் புது எண்ணெய் சில நாளிலேயே கறுத்துவிடும். கரியை அடியில் படியவிடாமல் எண்ணெய் தாங்கிப் பிடிக்கிறது என்றே அதற்குப் பொருள். விரலில் தேய்த்துப் பார்ப்பதாலும் மருந்தின் அளவு தெரியாது. மணிக் கணக்கு ஒன்றுதான் வழி.

இஞ்சினோடு வந்த கையேட்டில் எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை எண்ணெய் மாற்றவேண்டும் என்று போட்டிருக்கும். 250 என்று இருந்தால், தினம் 10 மணி நேரம் இறைக்கும் காலத்தில் 25 நாளில் தவணை வந்துவிடும். தினம் 2 மணி நேரம்தான் என்றால் 125 நாள். குறைவாக ஓடினாலும் வருடத்துக்கு ஒரு முறையாவது மாற்றிவிடுங்கள். இஞ்சின் சூடாக இருக்கும்போதே பழைய எண்ணெயை இறக்கினால் கரியும் சேர்ந்து வெளியேறும். பில்டரையும் கூடவே கவனியுங்கள்.

எண்ணெய் டப்பாவில் தரம் எழுதியிருக்கும். 'சி' என்று தொடங்குவது டீசலுக்கு, 'எஸ்' என்று தொடங்குவது பெட்ரோலுக்கு. கையேட்டில் சொன்ன தரத்தையே கேட்டு வாங்குங்கள். பழைய எண்ணெயைத் துணியில் வடிகட்டினால் தூசி போகலாம், தீர்ந்த மருந்து திரும்பி வராது. கியர் எண்ணெயை இஞ்சினில் ஊற்றக்கூடாது. கூடுதல் மருந்து என்று தனிப் புட்டியும் வேண்டாம். யூரியாவை அள்ளிக் கொட்டினால் பயிர் கொழிக்குமா? இதுவும் அப்படித்தான். இறக்கிய எண்ணெயை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாமல், முறையாகச் சேகரிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். கையைச் சோப்பால் நன்றாகக் கழுவுங்கள்.

பெரியவர் இப்போது இஞ்சின் கொட்டகைச் சுவரில் ஓடிய மணி நேரத்தைக் கரிக்கோடு போட்டு வருகிறார். நான் போனால் கம்பியை உருவிக் காட்டுவதில்லை, சுவரைத்தான் காட்டுகிறார். நீங்களும் இன்றைக்கே ஒரு கோடு போடத் தொடங்குங்கள். கடைசியாக எப்போது மாற்றினோம் என்று நினைவில்லாதவர்கள், மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்.