கண்ணாடி இழையும் வீட்டு ரூட்டரும்



வீட்டில் இணையம் நின்றுவிட்டால் இன்று நின்றுபோவது பொழுதுபோக்கு மட்டுமன்று. பிள்ளைகளின் பாடம், அலுவலகப் பணி, வங்கிக் காரியம், வெளியூர் மருத்துவரின் ஆலோசனை ஆகிய யாவும் உடன் நின்றுவிடுகின்றன. நிறுவனம் தந்த கருவியை விடுத்துக் கடையில் ரூட்டர் வாங்கி வைத்தவர்க்கோ இன்னொரு தொல்லையும் உண்டு. நிறுவனத்தார் பிழை ரூட்டரில் என்பர். ரூட்டரை விற்றவர் பிழை இணைப்பில் என்பர். இவ்விருவரிடையே அல்லற்படாதிருக்க வேண்டுமாயின், பிழை எவ்விடத்தது என்பதை வீட்டுக்காரர் தாமே அறிதல் வேண்டும்.

முதற்கண் இணையம் வரும் பாதையைக் காண்போம். நம் நாட்டில் பரவலாக வழங்குவது ஜிபான் என்னும் முறை. நிலையத்திலிருந்து ஓர் இழையில் வரும் ஒளி, மின்சாரம் வேண்டாத பகுப்பான்களால் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பங்கிடப்படுகிறது. வீட்டை நோக்கி வரும் ஒளியின் அலைநீளம் 1490 நானோமீட்டர். வீட்டிலிருந்து செல்வது 1310. இவை கண்ணுக்குப் புலனாகா. எனினும் கண்ணுக்குக் கேடு செய்யக்கூடும். ஆதலின் கழற்றிய இழையின் நுனியை உற்று நோக்குதல் ஆகாது. இவ்வொளியை மின்குறியாக மாற்றுவது ஓ.என்.டி. என்னும் பெட்டி. அதை அடுத்து ரூட்டர், அதற்கப்பால் வை-பை. சோதனையும் இவ்வரிசையிலேயே நடைபெறுதல் நன்று.

ஓ.என்.டி.யில் பான் எனக் குறித்த விளக்கு நிலையாக எரிந்தால் ஒளி வந்து சேர்கிறது. லாஸ் என்னும் விளக்கு சிவந்து எரிந்தால் ஒளி வரவில்லை. அப்போது ரூட்டரில் எதை மாற்றினும் பயனில்லை. கட்டிற்காலின் கீழோ கதவிடுக்கிலோ இழை மடிந்துள்ளதா என்று பாருங்கள். இல்லையேல் நிறுவனத்திற்கே முறையிடுங்கள். ஓ.என்.டி.யில் ரீசெட் துளையை மட்டும் குத்தாதீர்கள். நிறுவனம் பதித்த அமைப்புகள் அழிந்துபோகக்கூடும்.

ஒளி இருந்தும் இணையம் இல்லையெனில், நிறுவனம் தந்த ரூட்டரை மீண்டும் பொருத்திப் பாருங்கள். அதில் இணையம் வருமாயின், குறை புதிய ரூட்டரின் அமைப்பில் இருப்பதே பெரும்பான்மை. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிதானா? நிறுவனம் குறித்த வி-லேன் எண் இடப்பட்டதா? சில நிறுவனங்கள் முன்பு பதிவான கருவியின் மாக் முகவரியை மட்டுமே ஏற்கும். புதியதைப் பதிவு செய்யுமாறு கேட்க வேண்டும். சில தளங்கள் திறந்து, சில திறவாமல் நின்றால் எம்.டி.யு. அளவைக் காண்க. பி.பி.பி.ஓ.ஈ. முறை 1500 பைட்டுகளில் 8 பைட்டுகளைத் தனக்கென எடுத்துக்கொள்வதால், அது 1492 ஆக இருத்தல் வேண்டும்.

பல வீடுகளில் ஓ.என்.டி.யே ரூட்டராகவும் பணிபுரியும். அதன் பின் மற்றொன்றை வைத்தால், இரண்டும் ஒரே 192.168.1.1 என்னும் முகவரியைக் கொண்டு மோதிக்கொள்வதுண்டு. ஒன்றின் முகவரியை மாற்றலாம், அல்லது ஓ.என்.டி.யைப் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தருமாறு நிறுவனத்தைக் கேட்கலாம்.

ரூட்டரிலிருந்து கம்பி வழியே கணினிக்கு இணையம் விரைந்து வர, கைப்பேசியில் மட்டும் தயங்கினால், குறை வை-பையில்தான். 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவுடையது. ஆயினும் சுவரைக் கடக்கையில் மிகவும் நலியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் விரைவில் குறைந்தது; தொலைவில் மிகுந்தது. ரூட்டரை வீட்டின் நடுவே உயரத்தில் வைத்தல் நலம்.

ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். மாற்றியதைக் குறித்து வையுங்கள். நிறுவனம் தந்த கருவியைக் கழித்துவிடாமல் பரண்மீது காத்து வையுங்கள். "பான் விளக்கு எரிகிறது, உங்கள் ரூட்டரைப் பொருத்தியும் இணையம் வரவில்லை" என்று நீங்கள் கூறும்போது, பிழை உங்கள் ரூட்டரில் என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்ப எவராலும் இயலாது.