காடு போர்த்த எரிமலை



உங்கள் நிலப்பட நூலில் வங்காள விரிகுடாப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குத் தெற்கே, கேளம்பாக்கத்தை அடுத்துள்ள எங்கள் ஊராகிய படூரின் மேல் விரலை வையுங்கள். அங்கிருந்து நேர் கிழக்காக ஒரு கோடு இழுங்கள். பக்கிங்காம் கால்வாயையும் முட்டுக்காட்டுக் கழியையும் கடந்ததும் கோடு கடலில் இறங்கும். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீர்ப்பரப்பே. பிறகு அந்தமான் தீவுகள் குறுக்கிடும். அவற்றையும் தாண்டிச் சிறிது தூரம் சென்றால், அந்தக் கோடு இரண்டு மலைகளுக்கு இடையே புகுந்து செல்லும். கோட்டுக்குத் தெற்கே உள்ளது பாரன் தீவு. வடக்கே உள்ளது நார்க்கொண்டம். இரண்டும் எரிமலைகள்.

எரிமலை என்றால் இத்தாலியையும் ஜப்பானையும் நினைக்கப் பழகியிருக்கிறோம். நம் கடற்கரைக்கு நேர் எதிரே, நம் நாட்டுக்கு உரிமையாகவே இரண்டு எரிமலைகள் இருப்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இவற்றுள் பாரன் தீவு பெரும்பாலும் மொட்டையானது. இன்னும் உயிருள்ள எரிமலை. 1787ஆம் ஆண்டில் அது சீறியதைக் கப்பலில் சென்றோர் கண்டு எழுதி வைத்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பின் நெடுங்காலம் அடங்கிக் கிடந்து, 1991இல் மீண்டும் விழித்துக்கொண்டது. அதன் பின்னரும் பலமுறை புகையும் குழம்பும் கக்கியிருக்கிறது. நார்க்கொண்டமோ வரலாற்றுக் காலத்தில் வெடித்ததாகப் பதிவு இல்லை. அடி முதல் முடி வரை அடர்ந்த காடு அதனைப் போர்த்திருக்கிறது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இந்தக் காடு போர்த்த எரிமலையைப் பற்றியே.

நெருப்புமலை அங்கே எழுந்தது ஏன்? 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளை நம் கரையோர மக்கள் மறக்கமாட்டார்கள். அன்று சுமத்திரா அருகே தொடங்கிய நிலநடுக்கம் கடலடியில் அந்தமான் வரை பிளந்துகொண்டு சென்றது. சில மணி நேரத்தில் ஆழிப்பேரலை நம் குப்பங்களுக்குள் புகுந்தது. மாமல்லபுரத்துக் கரையில் மணலால் மூடப்பட்டிருந்த செதுக்குப் பாறைகளை அந்த அலை வெளிப்படுத்தியதையும், அருகே சாளுவன்குப்பத்தில் பழைய செங்கற்கோயில் ஒன்று பின்னர் அகழ்ந்தெடுக்கப்பட்டதையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த அலையை எழுப்பிய அதே இயக்கந்தான் நார்க்கொண்டத்தையும் எழுப்பியது.

நிலத்தின் மேலோடு பல பெருந் தட்டுகளால் ஆனது. இந்தியாவைச் சுமக்கும் தட்டு, அந்தமானுக்கு மேற்கே கடலடியில் வளைந்து, கிழக்கிலுள்ள தட்டுக்கு அடியில் புதைந்து செல்கிறது. புதையும் பாறை தன்னுள் கடல்நீரையும் சுமந்து செல்கிறது. ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் மிக, அந்த நீர் வெளியேறி மேலிருக்கும் சூடான பாறையில் கலக்கிறது. மணலை மட்டும் உருக்க மிகுந்த வெப்பம் வேண்டும். சோடா உப்பைச் சேர்த்தால் குறைந்த வெப்பத்திலேயே உருகிக் கண்ணாடியாகிவிடும். அதுபோல, நீர் கலந்த பாறையும் எளிதில் உருகுகிறது. உருகிய குழம்பு இலேசானது. ஆகவே மேலெழுந்து எரிமலையாகிறது. சுமத்திராவிலிருந்து பாரன் தீவு, நார்க்கொண்டம் வழியாகப் பர்மாவின் போப்பா மலை வரை எரிமலைகள் ஒரு வரிசையாக நிற்பதன் காரணம் இதுவே.

குழம்பிலும் வகை உண்டு. கஞ்சியைத் தரையில் ஊற்றினால் பரவி ஓடும்; களியைக் கொட்டினால் குவிந்து நிற்கும். பாரன் தீவின் குழம்பு பெரிதும் ஓடும் இயல்பினது. நார்க்கொண்டத்தின் குழம்பு மணற்சத்து மிகுந்தது, கெட்டியானது. அதனால் அம்மலை செங்குத்தாகக் குவிந்தது. தீவின் பரப்பு ஏறக்குறைய 7 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் அதன் முடி 710 மீட்டர் உயரத்தில் மேகத்தைத் தொடுகிறது. திருக்கழுக்குன்றத்து மலையில் மூச்சு வாங்க ஏறியிருக்கிறீர்கள் அல்லவா? அதனைப் போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட உயரம்! உச்சியில் எரிமலைவாய் ஒன்றும் இன்று தெளிவாகத் தெரிவதில்லை. நெருப்பின் வாயை மழையும் மரமும் மூடிவிட்டன.

நெருப்புக் குழம்பாகக் கடலிலிருந்து எழுந்த மலையில் தொடக்கத்தில் ஒரு புல்லும் இருந்திருக்க முடியாது. பெருநிலத்தோடு அதற்குத் தொடர்பும் இல்லை. வட அந்தமானிலிருந்தே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் அது தனித்து நிற்கிறது. அப்படியானால் இந்தக் காடு எங்கிருந்து வந்தது?

உலகம் கண்ணால் கண்ட ஒரு சான்று இதற்கு உண்டு. சுமத்திராவுக்கும் சாவகத்துக்கும் இடையிலுள்ள கிரக்காத்தோவா எரிமலை 1883 ஆகஸ்டு 27இல் வெடித்துச் சிதறி, 36,000 பேருக்கு மேல் மாண்டனர். எஞ்சிய தீவுத் துண்டைச் சாம்பல் மூடிற்று. மறு ஆண்டு அங்கே சென்றவர்கள் கண்ட ஒரே உயிர் ஒரு சிறு சிலந்தி! 1886இல் சென்ற தாவர அறிஞர் இருபதுக்கு மேற்பட்ட செடி வகைகளைக் கண்டார். அரை நூற்றாண்டுக்குள் அங்கே காடு தழைத்துவிட்டது.

நார்க்கொண்டத்துத் தாவரங்களை டேவிட் பிரெயின் என்ற அறிஞர் ஆராய்ந்து 1893இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். எந்தச் செடி எவ்வழியாக வந்திருக்கக்கூடும் என்பதே அவர் எழுப்பிய கேள்வி. சில கடல் வழி வந்தவை. தாழை, புங்கு, நாட்டுவாதுமை போன்றவற்றின் காய்கள் உப்புநீரில் மிதந்தாலும் உயிரிழப்பதில்லை. சில காற்று வழி வந்தவை. பெரணியின் நுண்ணிய வித்துகள் அத்தகையவை. இன்னும் சில பறவை வழி வந்தவை. ஆலும் அத்தியும் பறவையின் வயிற்றில் பயணம் செய்து இறங்கின. எரிமலை தந்தது கல் மட்டுமே. அதனைக் காடாக்கியவை அலையும் காற்றும் சிறகும்.

அச்சிறகுகளுள் ஒன்று, உலகில் வேறெங்கும் இயல்பாக வாழாத ஒரு பறவையினுடையது. நம் மேற்கு மலைக் காடுகளில் இருவாட்சிப் பறவையைக் காணலாம். அதன் இனத்தைச் சேர்ந்த ஒன்று நார்க்கொண்டத்தில் மட்டுமே வாழ்கிறது. ஆணின் தலையும் கழுத்தும் செம்பழுப்பு. பெண்ணுக்கு அவை கருமை. இரண்டிற்கும் வால் வெள்ளை. இனப்பெருக்கக் காலத்தில் பெண்பறவை ஒரு பெருமரத்தின் பொந்துக்குள் புகுந்து, சிறு பிளவு மட்டும் விட்டு வாயிலை அடைத்துக்கொள்ளும். முட்டையிட்டுக் குஞ்சு வளரும் வரை உள்ளே அதற்குச் சிறைவாழ்க்கை. ஆண்பறவை நாள்தோறும் பழம் கொணர்ந்து அப்பிளவின் வழியே ஊட்டும். ஆண் திரும்பாவிடில் உள்ளிருக்கும் உயிர்கள் பட்டினிதான்.

இந்த வாழ்க்கைக்குத் தேவையானவை இரண்டு: ஆண்டு முழுவதும் பழம் தரும் மரங்கள், பருத்த பழைய மரங்களில் விழும் பொந்துகள். இரண்டையும் காடு தருகிறது. பறவையோ, தின்ற பழத்தின் விதைகளை மலையெங்கும் உதிர்த்து அக்காட்டையே மீண்டும் நடுகிறது. காடின்றிப் பறவை இல்லை. பறவையின்றிக் காடும் இந்நிலையில் இராது. நெடுங்காலமாக இப்பறவைகளின் தொகை சில நூறு என்றே மதிப்பிடப்பட்டது. அண்மைக்கால ஆய்வு ஏறக்குறைய 1000 என்கிறது. பெரியதொரு கல்லூரியின் மாணவர் தொகைகூட இல்லை. ஓர் இனம் முழுவதும் அவ்வளவே!

தீவு தன் செல்வத்தை இன்னும் முழுமையாகக் காட்டிவிடவில்லை. 2021ஆம் ஆண்டில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் அங்கே புதியதொரு மூஞ்சூற்று இனத்தைக் கண்டு உலகிற்கு அறிவித்தனர். நம் வீட்டுச் சுவரோரம் ஓடும் மூஞ்சூற்றின் உறவு அது. எரிமலையின் மடியில், இலைச்சருகுகளுக்கு இடையே, இத்தனை காலம் பெயரின்றி வாழ்ந்திருக்கிறது.

இனி மனிதர் கதைக்கு வருவோம். நார்க்கொண்டம் என்ற பெயர் ‘நரக குண்டம்’ என்பதன் திரிபு என்று சிலர் கருதுவர். தீயும் புகையும் கக்கும் பாரன் தீவுக்கு உரிய பெயர் மாலுமிகளின் வாயில் இடம் மாறி, இந்த அமைதியான தீவில் ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். தமிழர்க்கு இக்கடல் புதிதன்று. 1025ஆம் ஆண்டை ஒட்டி இராசேந்திர சோழனின் கடற்படை கடாரம் நோக்கிச் சென்றது. தஞ்சைக் கல்வெட்டு குறிக்கும் மாநக்கவாரம் இன்றைய நிக்கோபார். எனினும் செங்குத்தான கரைகள் கொண்ட நார்க்கொண்டத்தில் மக்கள் குடியேறி வாழ்ந்ததாகச் செய்தி இல்லை.

1873இல் அங்கே சென்ற ஆலன் ஆக்டேவியன் ஹியூம் இருவாட்சியை முதன்முதலாக அறிவுலகுக்கு அறிமுகம் செய்தார். 1885இல் இந்தியத் தேசிய காங்கிரசு தோன்றக் காரணமாயிருந்த அதே ஹியூம்தான்! அவர் பறவையியலிலும் பெரும் புலமை உடையவர். அதே 1885இல் மாலெட் என்ற நிலவியலாளர் இரண்டு எரிமலைகளைப் பற்றியும் விரிவான நூல் எழுதினார்.

இவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், திரும்பினார்கள். 1969இல் தீவில் காவல் நிலையம் அமைந்தபோதுதான் மனிதர் தங்கத் தொடங்கினர். எல்லைப்புறத் தீவுக்குக் காவல் வேண்டாமா? வேண்டும். பர்மாவுடன் கடல் எல்லை பற்றிய ஒப்பந்தம் ஏற்பட்டது 1986இல்தான். காவலர்க்கு உணவு வேண்டுமே என்று காட்டின் ஒரு பகுதி திருத்தப்பட்டுத் தென்னையும் வாழையும் நடப்பட்டன. ஆடுகளும் கொண்டுவரப்பட்டன. 1977இல் தீவு வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் ஆடுகள் அறிவிப்பைப் படிப்பதில்லை. அவை காட்டுக்குள் சென்று பல்கிப் பெருகின.

ஆடு பெருமரத்தை என்ன செய்துவிடும் என்று கேட்பீர்கள். பெருமரத்தை ஒன்றும் செய்யாது. தரையில் முளைக்கும் கன்றுகளைத்தான் தின்னும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. தொலைவிலிருந்து பார்த்தால் காடு பசுமையாகவே நிற்கும். கிழமரம் ஒவ்வொன்றாக விழும்போதுதான் அதன் இடத்தில் நிற்க இளமரம் இல்லை என்பது தெரியும். தென் அட்லாண்டிக்கில் செயின்ட் ஹெலினா என்றொரு எரிமலைத் தீவு உண்டு. நெப்போலியன் சிறையிருந்த இடம். 1513இல் போர்த்துகீசியர் அங்கே ஆடுகளை விட்டனர். காலப்போக்கில் அதன் காடுகள் பெரிதும் அழிந்தன. அத்தீவுக்கே உரிய கருங்காலி வகை அற்றே போயிற்று என்று நம்பியிருந்தபோது, 1980இல் ஒரு பாறைச் சரிவில் இரண்டே இரண்டு செடிகள் கிடைத்தன. ஆட்டின் வாய்க்கு எட்டாத இடமாதலின் அவை பிழைத்தன!

நார்க்கொண்டத்துக்கு அந்தக் கதி நேரவில்லை. கோயம்புத்தூரை அடுத்துள்ள சலீம் அலி பறவையியல் நிலையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் முதலிய அறிஞர்கள் எச்சரித்தனர். ஆடுகளை அகற்றும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. பின்னர் இன்னொரு கேள்வி எழுந்தது. கடலோரக் காவற்படை அங்கே ராடார் நிலையம் அமைக்க விரும்பியது. 2012இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் இருவாட்சியைக் கருதி இசைவு மறுத்தது. 2014இல் அடுத்து வந்த அரசு இசைவு தந்தது. நாட்டின் காவலும் வேண்டும், காட்டின் காவலும் வேண்டும். இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தாமல், எத்தனை சென்ட் நிலம், எத்தனை மரம், எந்தப் பருவத்தில் வேலை, எலியும் ஆடும் மீண்டும் இறங்காமல் காப்பது எப்படி என்று கணக்குப் பார்த்துச் செய்வதே அறிவுடைமை. அந்தக் கணக்கைப் போட நிலவியல் தெரிந்தவர், தாவரவியல் தெரிந்தவர், பறவையியல் தெரிந்தவர் நாட்டுக்கு வேண்டும். அவர்கள் உங்களுள் இருந்துதான் வரவேண்டும்.

பறவை ஒன்று வராமற்போனால் என்ன என்று யாரேனும் உங்களைக் கேட்டால், திருக்கழுக்குன்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து பட்டரின் கையிலிருந்து அமுதுண்டு சென்ற ஊர் அது. ஊருக்கே அதனால் பெயர். 1990களின் இறுதியிலிருந்து அவை வருவதில்லை. மலை இருக்கிறது, கோயில் இருக்கிறது, படிகள் இருக்கின்றன. வானந்தான் வெறுமையாக இருக்கிறது.

எரிமலையின் சீற்றத்தை நாம் தடுக்க முடியாது. அதன் மீது எண்ணற்ற ஆண்டுகளாக விதை விதையாய் வந்து குடியேறிய காட்டைக் காப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. நெருப்பையே வென்று எழுந்த அந்தக் காடு, நம் கவனக்குறைவுக்குத் தோற்றுப்போகலாகாது.