கிரகண இரவில் சனி நின்ற இடம்



2025ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 7ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, காங்கேசன்துறையில் ஒரு வளவில் நாங்கள் ஐவர் தொலைநோக்கி ஒன்றுடன் கண்விழித்திருந்தோம். அந்த ஓர் இரவைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம்.

வளவு எங்களுள் ஒருவரின் மாமாவுடையது. 1990இல் விட்டுப்போய், உயர்பாதுகாப்பு வலயத்துள் நெடுங்காலம் கிடந்து, பின்பு மீண்ட நிலம். புதுவீடு சுவர்மட்டத்தோடு நிற்கிறது. கூரையில்லாத அந்த அறையின் மேலாகத்தான் அன்று நிலவு எழுந்தது. வானம் பார்ப்பவனுக்கு அது வசதி என்று சொல்லத் துணியமாட்டோம். மாமாவும் ஆச்சியும் பக்கத்துத் தகரக் கொட்டிலில் அல்லவா இருக்கிறார்கள்!

வீட்டுவேலை நின்றதற்குக் காரணம் காசு மட்டுமன்று. மாமா மகரராசிக்காரர். ஏழரைச் சனி கழியாமல் கூரை ஏற்றமாட்டேன் என்று இருந்துவிட்டார். திருக்கணித பஞ்சாங்கத்தின்படி சனி 2025 மார்ச்சு 29ஆந் திகதியே கும்பத்தைவிட்டு மீனத்துக்குப் போய்விட்டது. வாக்கிய பஞ்சாங்கத்தின்படியோ 2026 மார்ச்சில்தான் போகும். திருநள்ளாற்றுக் கோயில் கைக்கொள்வது வாக்கியம். மாமா கைக்கொள்வதும் அதுவே.

எங்கள் கருவி பெரிதன்று. ஆறு அங்குலக் குழிவாடி, 1200 மில்லிமீற்றர் குவியத்தூரம், கையால் திருப்பும் பலகைப் பீடம். 25 மில்லிமீற்றர் பார்வைத்துண்டைப் பொருத்தினால் 48 மடங்கு பெருக்கிக் காட்டும். 10 மில்லிமீற்றருக்கு 120 மடங்கு.

ஆச்சி பொழுதுபடமுன்னரே அடுப்பை அணைத்துவிட்டார். "பிள்ளையள், கிரகணத்துக்குள்ளை வெளியிலை நிக்காதேங்கோ" என்றார். நாங்கள் சிரித்தோம். அதுவும் போதாதென்று, மிஷன் கல்லூரியில் நாங்கள் படித்த கதையொன்றை அவருக்கு எடுத்துச் சொன்னோம். 1829 மார்ச்சு 20ஆந் திகதி நிகழ்ந்த சந்திரகிரகணத்துக்கு விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்தில் குறித்த நேரமும் மறைவின் அளவும் பிழை என்று வட்டுக்கோட்டைச் செமினரியின் தானியேல் பூவர் முன்கூட்டியே அறிவித்தார். கிரகணம் பூவரின் கணக்குப்படியே நடந்தது. இதைக் கேட்ட ஆச்சி கோபிக்கவில்லை. "அப்ப சனி எங்கை நிக்கிறான் எண்டு உங்கடை குழாய் சொல்லுமோ?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது. சனியின் வளையத்தைக் காட்டலாம். சனி நிற்பது கும்பமா மீனமா என்பதை எப்படிக் காட்டுவது? வானத்தில் ராசிக்கு எல்லைக்கல் நட்டிருக்கவில்லையே.

9.57க்கு நிலவின் கீழ்த்திசை விளிம்பில் கரி படிந்தது. திருக்கணித பஞ்சாங்கத்தில் இருந்த நேரமும் அதுவே. 11 மணிக்கு முழுநிலவும் பூமியின் நிழலுள் புகுந்து, புளிபோட்டு விளக்காத செப்புக்குடத்தின் நிறம் கொண்டது. நம் காற்றுமண்டலத்தின் ஊடாக வளைந்து செல்லும் செவ்வொளி மட்டுமே அங்கே எட்டுவதால் அந்த நிறம். 82 நிமிடம் அப்படியே இருந்தது. நிலவு மங்க மங்க, அதன் கிழக்கே சனி பளிச்சென்று துலங்கிற்று.

அப்போதுதான் எங்களுள் ஒருவருக்கு வழி தோன்றியது. கிரகணத்தில் சந்திரன் சூரியனுக்கு நேர் எதிரே நிற்கும். அன்று ஆவணி 22. சூரியன் சிம்மத்தில் ஏறக்குறைய 21 பாகை. ஆகவே சந்திரன் கும்பத்தில் 21 பாகை. இதில் இரு பஞ்சாங்கத்துக்கும் வழக்கில்லை. ஒரு ராசி 30 பாகை. சனி இன்னும் கும்பத்தில்தான் என்றால், நிலவுக்குக் கிழக்கே 9 பாகைக்குள் நிற்க வேண்டும். கையை நீட்டிப் பிடித்த முட்டி ஏறக்குறைய 10 பாகையை மறைக்கும். ஐவரும் மாறிமாறி அளந்தோம். ஒவ்வொருவருக்கும் ஒன்றரை முட்டிக்குச் சற்றுக் குறைய வந்தது: 14 பாகை. 21உம் 14உம் 35. சனி மீனத்தில்!

தொலைநோக்கி அந்த நேரம் சும்மா நின்றது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். கணக்கைத் தீர்த்தது கைமுட்டி.

இந்த அளவையை மேல்நாட்டார் நமக்குக் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. திருக்கணிதம் என்பதைத் "திரு" சேர்ந்த கணிதம் என்றே நாங்கள் நெடுநாள் நினைத்திருந்தோம். அது "திருக்", வடமொழியில் பார்வை. கேரளத்துப் பரமேசுவரர் 55 ஆண்டுகள் கிரகணங்களைக் கண்ணாற் பார்த்து, பழைய எண்களைத் திருத்தி, 1431இல் "திருக்கணிதம்" என்ற நூலைச் செய்தார். சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாசாரியார் 1867இல் ஒளி மாறும் விண்மீனொன்றைக் கண்டுபிடித்தவர். அவரே பார்வைக்கு ஒத்த பஞ்சாங்கம் வேண்டுமென்று வாதாடி, கணித்தும் வெளியிட்டார். எங்களுக்குப் பள்ளியில் கிடைத்தது பூவர் வென்ற பாதிக்கதை மட்டுமே. மற்றப் பாதியை நாங்களாகத் தேடிப் படித்தது அந்த இரவுக்குப் பின்னர்தான்.

1.26க்குக் கிரகணம் விட்டது. ஆச்சி கிணற்றடியில் முழுகி, ஈரத்தலையோடு வந்தார். 120 மடங்கில் சனியைக் காட்டினோம். 2025 மார்ச்சில் வளையம் பூமிக்கு விளிம்பைக் காட்டித் திரும்பியிருந்ததால், அது அன்றும் ஊசிபோலவே தெரிந்தது. உருண்டையில் ஊசி குத்தினாற்போல. ஆச்சி வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. கைமுட்டிக் கணக்கையும் சொன்னோம். தாமே கையை நீட்டி அளந்து பார்த்தார்.

"அப்ப உவன்ரை ஏழரை போட்டுதோ?" என்று கேட்டார்.

சனி நிற்கும் இடத்தை அளந்தோம், ஆச்சி. அது மாமாவை என்ன செய்யும் என்பதை அளக்க எங்களிடம் கருவியில்லை என்றோம். அவர் இரண்டு பஞ்சாங்கங்களையும் எடுத்து மாமாவின் கட்டிலருகே வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

விடிந்ததும் மாமா இரண்டையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார். "மாசி கழியட்டும்" என்றார். ஆச்சி பேசாமல் தேநீர் ஊற்றினார். மாலையில் பார்க்கிறோம், முட்டியை நீட்டிப் பிடித்தபடி அதே முற்றத்தில் நின்று, கூரையில்லாத சுவரை அளந்துகொண்டிருக்கிறார்.