டயர் தேயுது, நம்ம பொழப்பும் தேயுது!

(நம் சங்கத்தின் கிராமக் கூட்டத்தில் பேசிய பேச்சு. எல்லா ஊர் விவசாயிகளும் படிப்பதற்காகப் பிரசுரமாகத் தரப்படுகிறது.)



கரும்பு விலை, நெல் விலை, உர விலை என்று நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்றைக்கு யாரும் மேடையில் பேசாத ஒன்றைப் பேச வந்திருக்கிறோம். அது டிராக்டர் டயர். "இதையெல்லாமா கூட்டம் போட்டுப் பேசுவாங்க?" என்று சிலர் சிரிக்கலாம். பின் டயர் ஒரு ஜோடி மாற்றியவன் சிரிக்க மாட்டான்.

"எனக்குத்தான் டிராக்டரே இல்லையே" என்று இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் அண்ணன் ஒதுங்க வேண்டாம். ஒரு மணி உழவுக்கு நீங்கள் கொடுக்கும் வாடகையில் டீசல், டிரைவர் கூலி, பேங்க் தவணை, அத்தோடு டயரும் இருக்கிறது. டயர் சீக்கிரம் போனால் வாடகை ஏறும். வாடகையை ஏற்ற முடியாவிட்டால் டிராக்டர்காரன் கடனாளி ஆவான். இரண்டு பேருமே நம்ம ஆள்தான்.

டயர் ஏன் இவ்வளவு சீக்கிரம் தேயுது? நம் தென்பெண்ணை, கெடிலம் பக்கத்து ஊர்களில் ஒரு டிராக்டர் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். காலையில் ஒன்பது கொத்துக் கலப்பை மாட்டிப் புழுதி உழவு. மறுநாள் சேடை ஓட்டுறது. கரும்பு வெட்டு உத்தரவு வந்துவிட்டால் டிரெய்லர் மாட்டிக்கொண்டு ஆலைக்குப் பல கிலோமீட்டர் தார் ரோடு. நடுவில் செங்கல், மணல், எரு. கழனிக்கென்று செய்த டயரைப் பாதி நாள் ரோட்டில் ஓட்டுகிறோம். ஆசைப்பட்டா ஓட்டுகிறோம்? வருஷம் முழுக்க உழவு கிடையாது, தவணை மட்டும் தவறாமல் வருது. அதனால் ஓட்டுகிறோம்.

கழனியில் டயரின் ரப்பர் கட்டைகள் மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கும். மண் விட்டுக் கொடுக்கும். தார் ரோடு விட்டுக் கொடுக்காது. வண்டிப் பாரம் முழுசும் அந்தக் கட்டைகளின் தலைமேல் நிற்கும். ஒவ்வொரு கட்டையும் ரோட்டைத் தொடும்போது வளைந்து, விடும்போது உரசிக்கொண்டு எழும். வேகம் கூடினால் சூடு கூடும், சூடான ரப்பர் இன்னும் சீக்கிரம் தேயும். இதற்கு மேல் டிரெய்லரில் அளவுக்கு மீறிய பாரம், ரோடெல்லாம் குழி, குழிக்குக் குழி பிரேக்கு. தேயாமல் என்ன செய்யும்?

காத்தும் ஒரு காரணம். உழவுக்குப் பொதுவாகப் பின் டயரில் 12 முதல் 14 பவுண்டு காத்து வைப்பார்கள். காத்து குறைவாக இருந்தால் டயர் அகலமாகப் படிந்து மண்ணைப் பிடிக்கும். அதே காத்தோடு பாரம் ஏற்றி ரோட்டில் போனால் டயர் ஓரம் மடங்கி மடங்கி உரசும், பக்கவாட்டில் வெடிப்பும் விடும். சரி, ரோட்டுக்காகக் காத்தை ஏற்றிவிட்டோம், அப்படியே கழனியில் இறங்கினால்? நடுக்கட்டை மட்டும் மண்ணைத் தொடும், சக்கரம் வழுக்கும், டீசலும் போகும், ரப்பரும் போகும், மண்ணும் இறுகும். ஆக, ஒரே காத்து இரண்டு வேலைக்கும் ஆகாது. வேலை மாறும்போதெல்லாம் காத்தும் மாற வேண்டும். ஆனால் நம் ஊரில் காத்து அளக்கும் மீட்டர் எத்தனை பேரிடம் இருக்கு? காலால் உதைத்துப் பார்ப்பதுதான் நம்ம மீட்டர்!

ஒரு கணக்குப் போடுவோம். பேச்சுக்கு, ஒரு ஜோடி பின் டயர் 40,000 ரூபாய் என்று வைப்போம். 3,000 மணி ஓடினால் மணிக்கு 13 ரூபாய் 33 காசு. ரோடும் கழனியுமாக அடித்து 1,500 மணியில் மொட்டையானால் மணிக்கு 26 ரூபாய் 66 காசு. இந்த வித்தியாசம் யார் பையிலிருந்து போகிறது? ஆலை கொடுக்கும் வண்டி வாடகைக் கணக்கில் டயர் தேய்மானம் என்று ஒரு வரி தனியாக உண்டா? யார்டில் பாரத்தோடு ராத்திரி பகலாகக் காத்து நிற்கிறோமே, அந்தப் பாரத்தைச் சுமப்பதும் இந்த டயர்தானே?

அடுத்தது வரி. பல வருஷம் டிராக்டர் டயருக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டினோம். கம்பெனிக்காரன் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வான், விவசாயிக்கு அந்தக் கழிவு கிடையாது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் டயருக்கும் டியூபுக்கும் வரி 5 சதவீதம் என்று குறைத்திருக்கிறார்கள். விவசாயிகள் கேட்டது நியாயம் என்பதற்கு இதுவே சாட்சி. வரிக்கு முன் 35,000 ரூபாய் உள்ள ஜோடி, 18 சதவீதத்தில் 41,300 ரூபாய். 5 சதவீதத்தில் 36,750 ரூபாய். 4,550 ரூபாய் குறைய வேண்டும். குறைந்ததா என்று பில்லை வாங்கிப் பாருங்கள். பில் இல்லாமல் டயர் வாங்காதீர்கள். அடிப்படை விலையை ஏற்றி வைத்துவிட்டு "வரி குறைஞ்சுது" என்று சொன்னால் நமக்கு என்ன லாபம்?

அப்புறம் இந்த வாரண்டி. நம் சங்கத்தார் ஒருவருக்கு வாங்கிய வருஷமே டயர் பக்கவாட்டில் பிளந்தது. கடைக்குக் கொண்டுபோனோம். "ரோட்டுல ஓட்டியிருக்கீங்க, கிளைம் கிடையாது" என்று வாயால் சொன்னார்கள். எழுதிக் கொடுங்கள் என்றோம், கொடுக்கவில்லை. விற்கும்போது "உழவுக்கும் ஆகும், டிரெய்லருக்கும் ஆகும்" என்று சொன்னதும் அதே வாய்தான்!

கோரிக்கை வைப்பதோடு நம் பக்கமும் சிலதைச் சரி செய்ய வேண்டும்:

• நாலு பேர் சேர்ந்தாவது காத்து மீட்டர் ஒன்று வாங்குங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது அளங்கள். டயரிலும் கையேட்டிலும் போட்டிருக்கும் அளவைத் தாண்டாதீர்கள்.

• வழுக்கலை அளந்து பாருங்கள். சக்கரத்தில் சுண்ணாம்புக் குறி போட்டு, கலப்பையைத் தூக்கிக்கொண்டு கழனியில் 10 சுற்று ஓட்டி அளங்கள். 40 மீட்டர் வந்தது என்று வையுங்கள். கலப்பையை இறக்கி 10 சுற்று ஓட்டினால் 34 மீட்டர்தான் வந்தால், நூற்றுக்கு 15 வழுக்கல். அதுவரை பொறுக்கலாம். அதற்கு மேல் போனால் ஆழத்தைக் குறையுங்கள் அல்லது எடை சேருங்கள்.

• உழவுக்காக மாட்டிய இரும்பு எடையைத் தேவையில்லாமல் ரோட்டில் சுமக்காதீர்கள்.

• நாலு சக்கர இழுவை உள்ள வண்டியில், தார் ரோடு ஏறியதும் முன் இழுவையை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முன் டயர் கண்முன்னே கரையும்.

• முன் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தால் டயரைத் திட்டாதீர்கள், சக்கர நேர்ப்பாட்டைப் பாருங்கள்.

• வாங்கும்போது டயர் ஓரத்தில் நாலு இலக்க எண்ணைப் படியுங்கள். 2324 என்றால் 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. பழைய சரக்கைப் புது விலைக்கு ஏமாந்து வாங்காதீர்கள்.

இவ்வளவும் நாம் செய்தாலும் குழி ரோட்டை நாம் மூட முடியாது. வாடகைக் கணக்கை நாம் தனியாளாக மாற்ற முடியாது. அதனால் கேட்கிறோம்:

1. வரிக் குறைப்பு முழுசாக விவசாயி கைக்கு வந்ததா என்று அரசு கடை கடையாகச் சோதிக்க வேண்டும்.

2. டயர் கிளைமை மறுத்தால் காரணத்தை எழுத்தில், தமிழில் தர வேண்டும்.

3. கரும்பு வண்டி வாடகையில் டயர் தேய்மானத்தையும் யார்டில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்க்க வேண்டும்.

4. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களில் டயர் வாங்கக் குறைந்த வட்டிக் கடன் தர வேண்டும்.

5. ஆலைக்குப் போகும் கிராமச் சாலைகளை அரவை தொடங்கும் முன் செப்பனிட வேண்டும்.

6. வேளாண்மைப் பொறியியல் துறை வட்டாரந்தோறும் காத்து, எடை, நேர்ப்பாடு பார்த்துச் சொல்லும் முகாம் நடத்த வேண்டும். சிறு விவசாயிக்கு வாடகை டிராக்டர்களையும் கூட்ட வேண்டும்.

அன்பானவர்களே! 2020 நவம்பரில் தில்லி எல்லைக்கு விவசாயிகள் டிராக்டரில்தான் போனார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் குளிரிலும் வெயிலிலும் அசையாமல் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பரில் மூன்று வேளாண் சட்டங்களும் வாபஸ் ஆயின. அதோடு ஒப்பிட்டால் நம் கோரிக்கை சின்னது. ஆனால் சின்னக் கோரிக்கையும் தானாக நிறைவேறாது, தனியாளாகக் கேட்டாலும் நிறைவேறாது.

வீட்டில் கிடக்கும் மொட்டை டயரைத் தூக்கி வாருங்கள். பில் இருந்தால் பில்லையும் கொண்டு வாருங்கள். அரவை தொடங்கும் முன் தாலுகா ஆபீஸ் வாசலில் அடுக்கிக் காட்டுவோம். வண்டி வைத்திருப்பவரும் வாருங்கள், வாடகைக்கு உழுபவரும் வாருங்கள்!

டயரின் தேய்மானம் உழவன் தலையிலா?
வாடகைக் கணக்கில் சேர்! சேர்!

உழவர் ஒற்றுமை ஓங்குக!