பாட்டைக் கேட்டபின் குற்றம்



மதுரையில் குற்றம் காணுதல் புதிதன்று. தருமி கொண்டுவந்த பாட்டில் பொருட்குற்றம் உண்டென்று நக்கீரர் உரைத்தார். இறைவனே நேரில் வந்து வாதிட்டபோதும் அதே சொல்லில் நின்றார். இந்தத் திருவிளையாடற் கதையைச் சொல்வோர் நெற்றிக்கண்ணையும் புலவரின் அஞ்சாமையையும் விரித்துரைப்பர். அதனுள் அடங்கிக் கிடக்கும் சிறு செய்தி ஒன்றும் உண்டு. நக்கீரர் முதலில் பாட்டைக் கேட்டார். அதன் பின்னரே குற்றம் சொன்னார்.

'எழில்' என்னும் கணினி நிரல்மொழிக்கு அந்த நேர்மை கிடைக்கவில்லை. கணினி செய்யவேண்டிய வேலையைப் படிப்படியான கட்டளைகளாக எழுதுவது நிரல். அதை எழுத உதவுவது நிரல்மொழி. கடல்கடந்து வாழ்ந்த தமிழரான முத்தையா அண்ணாமலை 2007-இல் எழிலை உருவாக்கத் தொடங்கினார். 2009-இல் அதுபற்றிய ஆய்வுக்கட்டுரை வெளியாயிற்று. 2013-இல், எவரும் விலையின்றிப் பெறவும் திருத்தவும் உரிமையுள்ள மென்பொருளாக அது பொதுமக்களை அடைந்தது. பதிப்பி, ஆனால், இல்லை, வரை, நிறுத்து, தொடர், முடி என்பன அதன் கட்டளைச் சொற்கள்.

எழிலுக்கு எதிராகப் பெரிதும் எழுவன இரண்டு மறுப்புகள். ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டுத் தமிழ்ச் சொற்களை ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவே என்பது ஒன்று. இதைக் கற்றால் வேலை கிடைக்குமா என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் உறுதியோடு சொல்வோருள் எழிலில் ஒரு வரியேனும் எழுதிப் பார்த்தோரைக் காண்பது அரிது.

முதல் மறுப்பை வைகைக் கரையிலேயே வைத்துப் பார்க்கலாம். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டினால் கரையோர மக்களுக்கு முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. மதுரை முதல் இராமநாதபுரம் வரை ஆற்றங்கரையில் வாழ்வோர் அறிந்த கணக்கு இது. இதன் முதற்படியை எழிலில் எழுதினால் இவ்வாறு அமையும்:

@( நீர்மட்டம் >= 66 ) ஆனால்
பதிப்பி "முதல் வெள்ள எச்சரிக்கை"
முடி

ஆங்கிலவழி நிரல்மொழிகளில் 'இஃப்' என்னும் சொல் முன்னே வரும். நிபந்தனை அதைத் தொடரும். எழிலிலோ நிபந்தனை முன்னே நிற்கிறது. 'ஆனால்' பின்னே வருகிறது. 'மழை பெய்தால்' என்று தமிழர் பேசும் முறை இதுவே. மழையைச் சொல்லி, பெய்தலைச் சொல்லி, நிபந்தனையை இறுதியில் ஈறாகச் சேர்ப்பது தமிழ். 'வரை' என்னும் கட்டளையும் அவ்வாறே நிபந்தனைக்குப் பின் நிற்கிறது. சொற்களை மட்டும் மாற்றி ஒட்டியிருந்தால் இவ்வமைப்பு வந்திராது. மூன்று வரி எழுதிப் பார்த்தவர்க்கு உடனே புலப்படும் உண்மை, எழுதாதவர்க்கு ஆண்டுக்கணக்கில் புலப்படாமல் இருக்கிறது.

இரண்டாம் மறுப்பில் உண்மை உண்டு. அதை மறைக்க வேண்டுவதில்லை. எழில் 'பைத்தான்' என்னும் மொழியின் மேல் கட்டப்பட்டது. பெருநிறுவனப் பணிகளுக்கு வேண்டிய விரைவும் துணைக்கருவிகளும் அதனிடம் இல்லை. ஆயின் அதன் நோக்கம், முதன்முதலாக நிரல் எழுத வரும் மாணவருக்கு வாயிலாக அமைவதே. அ, ஆ எழுதப் பழகும் பிள்ளையிடம், இதனால் எவ்வளவு ஊதியம் வரும் என்று எவரும் கேட்பதில்லை.

மேலூரிலோ உசிலம்பட்டியிலோ தமிழ்வழியில் மேல்நிலை பயிலும் மாணவி கணினி அறிவியல் நூலைத் திறந்தால் விளக்கம் தமிழில் இருக்கிறது. நிரலின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தருக்கத்தையும் அயற்சொல்லையும் ஒரே மூச்சில் அவள் கற்கவேண்டும். ஒன்றில் இடறினாலும் 'எனக்குக் கணினி வராது' என்று முடிவு கட்டிவிடுகிறாள். உண்மையில் அவளுக்கு வராதது கணினியா, ஆங்கிலமா என்பதை எவரும் பிரித்துப் பார்ப்பதில்லை. இழப்பு அங்கே நேர்கிறது.

இவ்வெண்ணத்திற்கு வெளிநாட்டிலும் சான்று உண்டு. 'ஸ்கிராட்ச்' என்னும் சிறுவர் நிரல்மொழியைக் கொண்டு சாயமிந்து தாஸ்குப்தாவும் பெஞ்சமின் மாக்கோ ஹில்லும் 2017-இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். ஆங்கிலம் முதன்மை மொழி அல்லாத ஐந்து நாடுகளில், தம் மொழிச் சொற்களால் நிரல் எழுதிய புதியவர்கள், ஆங்கிலச் சொற்களால் எழுதிய தம் நாட்டினரைவிட விரைவாகப் புதிய கருத்துகளைக் கையாண்டனர் என்பது அதன் முடிவு. ரஷ்யாவிலோ, வணிகக் கணக்குக்குப் பெரிதும் பயன்படும் '1சி' மென்பொருளில் ரஷ்யச் சொற்களாலேயே நிரல் எழுதிப் பிழைப்போர் உள்ளனர்.

எழிலில் குற்றமே இல்லை என்பது வாதமன்று. எழுதிப் பார்ப்பவர்க்கு நல்ல குற்றங்கள் கிடைக்கும். 'ஆனால்' என்னும் சொல் அன்றாட வழக்கில் மறுத்துரைக்கும் சொல்லாகவும் நிற்பதால், தொடக்கத்தில் மாணவர் மயங்கக்கூடும். 'ஆயின்' என்பது பொருந்துமா? அச்சுக்கூடத்துக்குரிய 'பதிப்பி', திரையில் தோன்றுவதற்கும் ஏற்குமா? 'காட்டு' என்றால் போதாதா? இவை நக்கீரர் மரபில் வந்த வினாக்கள். சொல்லின் எடையை அறிந்த கவிஞர்களைவிட இவற்றை எழுப்பத் தக்கார் யார்? திருத்தும் உரிமையும் எல்லார்க்கும் திறந்தே இருக்கிறது.

பொற்றாமரைக் குளத்துச் சங்கப்பலகை எந்த நூலையும் கேள்விப்பட்ட அளவில் தள்ளியதாகக் கதை இல்லை. தன்மேல் வைக்கப்பட்ட பின்னரே ஏற்றது அல்லது தள்ளியது. எழிலையும் ஒருமுறை பலகையில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு வேண்டுவது ஒரு கணினியும் ஒரு மாலைப் பொழுதும். அதன்பின் தள்ளினாலும் அது முறையான தள்ளுதலே.