பாடப் போன ஊரைப் பார்த்தல்



சேர்ந்திசைக் குழுவோடு வேற்றூர் செல்வோருக்கு இரு கடமைகள் உண்டு. ஒன்று பாடுதல், மற்றொன்று போன ஊரைப் பார்த்தல். இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. பகலெல்லாம் வெயிலில் அலைந்து, பேருந்தின் இரைச்சலுக்கு மேலாகக் குரலை உயர்த்திப் பேசி, மாலையில் மேடையேறினால் தொண்டை கம்மிவிடுகிறது. குரலைக் காப்பதற்காக அறைக்குள் அடைந்து கிடந்தாலோ, ஊர் திரும்பியபின் இரயில் நிலையத்தையும் மேடையையும் தவிரச் சொல்லுவதற்கு ஒன்றும் இருப்பதில்லை.

பிற நாடுகளுக்குச் சுற்றுப்பயணம் செல்லும் பாடற்குழுக்கள் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துத் தோமையார் ஆலயத்தில் 1723 முதல் 1750 வரை இசைத்தலைவராக இருந்தவர் யோகான் செபாஸ்தியன் பாக். அந்நகருக்குச் செல்லும் பாடகர்கள் அவ்வாலயத்தை வெறும் கட்டடமாகப் பார்ப்பதில்லை. தாங்கள் பாடும் இசை எந்தக் கூரையின்கீழ் ஒலித்தது என்று அறியப் போகிறார்கள். அங்கே ஊர் பார்ப்பதும் இசைப் பயிற்சியின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது.

நமக்கும் அப்படி ஓர் ஊர் உண்டா? உண்டு. அதற்காகக் கடல் கடக்க வேண்டுவதில்லை. களியக்காவிளையில் தமிழ்நாட்டு எல்லையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் போதும். கேரளத்தின் தலைநகராகிய திருவனந்தபுரமே அவ்வூர்.

வடமாநில நகரொன்றில் வாழும் தமிழர் இருபது பேர் கூடிய எங்கள் குழு அங்குப் பாடச் சென்றது. பாடி முடித்த மறுநாள் முழுவதும் ஊர் பார்க்கக் கிடைத்தது. கோவளம் கடற்கரை, 1880இல் கட்டி முடிக்கப்பெற்ற நேப்பியர் அருங்காட்சியகம், அதன் அருகிலுள்ள உயிரியல் பூங்கா ஆகியவை எல்லாரும் காணும் இடங்கள். அவற்றைக் குறைகூற வரவில்லை. ஆயினும் வெளிமாநிலத்திலேயே பிறந்து வளர்ந்த இளைஞர் சிலர் எங்கள் குழுவில் உண்டு. அவர்களுள் ஒருவர் பயணத்தின்போது ஒரு கேள்வி கேட்டார்: “தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்துகொண்டு நாம் பாடுவது தாயகத்துப் பாட்டின் எதிரொலிதானே? அப்பாட்டுக்கு நம்மால் ஆவது என்ன?”

எளிய கேள்விதான், ஆனால் வெளிமாநிலத்தில் தமிழ் பாடும் ஒவ்வொருவரையும் தைக்கும் கேள்வி. அதற்கு விடை தேடும் நாளாகவே அந்த நாளை நாங்கள் வைத்துக்கொண்டோம்.

காலையில் கோட்டைப் பகுதிக்குச் சென்றோம். ஏழு நிலைக் கோபுரத்தோடு நிற்கும் பத்மநாப சுவாமி கோயில், நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் பாடிய திருத்தலம். ஆயிரம் ஆண்டுக்கும் முன்னரே தமிழ்ப் பாட்டில் இடம்பெற்ற ஊர் இது என்பதைக் கேட்டதும் எங்கள் இளைஞர்கள் வியந்தனர். ஆடவர் மேலாடையின்றி வேட்டி உடுத்தே உள்ளே செல்ல வேண்டும் என்பது அக்கோயிலின் முறை. செல்வோர் அதற்கு ஆயத்தமாகச் செல்வது நலம்.

கோயிலுக்கு அருகே ‘மேத்தன் மணி’ என்னும் பழைய கடிகாரம் இருக்கிறது. மணியடிக்கும்போது இரண்டு ஆட்டுக்கடாக்கள் தாடிக்காரர் ஒருவரின் கன்னங்களில் முட்டும். அதனைக் கண்டு மகிழ்ந்தபின் குதிரைமாளிகையைக் கண்டோம். இறவாரத்தின்கீழ் 122 மரக்குதிரைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருப்பதால் வந்த பெயர் அது. 1813 முதல் 1846 வரை வாழ்ந்து, முப்பத்துமூன்றாம் வயதிலேயே மறைந்த சுவாதித் திருநாள் மகாராஜா கட்டிய மாளிகை. அவர் வடமொழி, மலையாளம், தெலுங்கு, இந்துஸ்தானி முதலிய பல மொழிகளில் பாடல் இயற்றியவர். அவருடைய அவைக்குத் தஞ்சையிலிருந்து வந்து சேர்ந்தவர் வடிவேலு. தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற சகோதரர்களுள் ஒருவர். முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர். வயலினை நம் இசைக்கு உரியதாக்கிய முன்னோடி. தந்தத்தாலான வயலின் ஒன்றை 1834இல் மகாராஜா அவருக்குப் பரிசளித்தார். வெளியூர் சென்ற கலைஞர் அவ்வூர்க்கு விருந்தினராக மட்டும் இருக்க வேண்டுவதில்லை என்பதற்கு வடிவேலு ஒரு சான்று.

கோயிலை அடுத்து நவராத்திரி மண்டபம் உள்ளது. நாங்கள் சென்றது நவராத்திரிக் காலமன்று; எனினும் அம்மண்டபத்தின் முறைமை எங்களுக்குப் பாடமாயிற்று. ஒன்பது மாலைகளிலும் சுவாதித் திருநாளின் நவராத்திரிக் கீர்த்தனைகள் நாளுக்கொன்றாக அங்கே பாடப்பெறுகின்றன. முதல்நாள் சங்கராபரணம், ஒன்பதாம் நாள் ஆரபி. தனிப்பாடகர் தொடங்குமுன் முல்லமூட்டுப் பாகவதர்கள் கூட்டமாக அமர்ந்து தோடயமங்களம் பாடுவது மரபு. ஆக, அந்த அரங்கில் முதலில் எழுவது சேர்ந்திசையே! பாட்டு அங்குக் கலைமகளுக்குச் செய்யும் வழிபாடு. ஆதலால் கைதட்டும் வழக்கமும் இல்லை. ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அம்மண்டபத்தில் நெடுங்காலம் பெண்கள் பாட இடமில்லை. 2006இல் பாறசாலை பொன்னம்மாள், எண்பது வயதைக் கடந்த பிறகு, அங்கே முதன்முதலாகப் பாடி அத்தடையை நீக்கினார். எங்கள் குழுவில் பாதிப்பேர் பெண்கள். அவர்களுக்கு அந்நாளில் கேட்டவற்றுள் மனத்தில் நின்றது இச்செய்திதான்.

அம்மண்டபத்துச் சரசுவதி எங்கிருந்து வருகிறாள் என்பதும் அறியத்தக்கது. ஆண்டுதோறும் பத்மநாபபுரத்திலிருந்து சரசுவதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் ஊர்வலமாகப் புறப்பட்டு, குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கித் திருவனந்தபுரம் சேர்கின்றனர். அச்சரசுவதி கம்பர் வழிபட்ட திருவுருவம் என்பது வழிவழி வரும் செய்தி. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் மாறின. கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆயினும் ஊர்வலம் நிற்கவில்லை. எல்லையில் ஒரு மாநிலம் வழியனுப்ப மறு மாநிலம் வரவேற்கிறது. இசை விழாவுக்காக ஆண்டுதோறும் எல்லை கடக்கும் இக்குழுவைவிடப் பழைய பாட்டுப் பயணிகள் நமக்கு வேறு யார்?

பிற்பகலில் கரமனைக்குச் சென்றோம். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் பகுதி அது. 1839 முதல் 1900 வரை வாழ்ந்த நீலகண்ட சிவன் தமிழில் பக்திப் பாடல்களைப் பாடி, அன்பர்களைச் சேர்த்துப் பஜனை நடத்திய இடம் அதுவே. அவருடைய பாட்டால் உள்ளம் ஈர்க்கப்பட்ட சிறுவர் ஒருவர், தந்தையை இழந்து தாயோடு திருவனந்தபுரத்திற்கு வந்து சேர்ந்தவர். அவரே பின்னாளில் பாபநாசம் சிவன் எனத் தமிழகம் முழுவதும் அறிந்த பாடலாசிரியரானார். தாயகத்து மேடைகளில் இன்றும் ஒலிக்கும் அவருடைய தமிழ்ப் பாடல்களுக்கு விதை ஊன்றப்பட்டது வெளியூர்ப் பஜனைக் கூட்டத்தில்!

இனி, எல்லாவற்றினும் பெரிய சான்றுக்கு வருகிறோம். நம் குழுக்கள் எந்த மேடையிலும் முதலில் பாடுவது தமிழ்த்தாய் வாழ்த்து. அதனை எழுதியவர் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை. அவர் 1855இல் பிறந்தது ஆலப்புழையில்; தத்துவம் கற்பித்தது திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியில். அங்கு வாழ்ந்த காலத்திலேயே, 1891இல், மனோன்மணீயம் என்னும் நாடகநூலை வெளியிட்டார். அந்நூலின் தொடக்க வாழ்த்திலிருந்து எடுத்த அடிகளைத் தமிழ்நாட்டு அரசு 1970இல் அரசு விழாக்களுக்குரிய வாழ்த்துப் பாடலாக ஏற்றது. எம்.எஸ். விசுவநாதன் அதற்கு மோகன இராகத்தில் இசையமைத்தார். 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாகவும் அறிவிக்கப்பட்டது. ஐம்பத்தைந்து வினாடிகளில் பாடி முடியும் அச்சிறு பாட்டுக்காகத் தமிழ்நாடே எழுந்து நிற்கிறது. அப்பாட்டு தாயகத்திலிருந்து வெளியே சென்றதன்று. வெளியூரில் வாழ்ந்த தமிழர் ஒருவரிடமிருந்து தாயகத்திற்குச் சென்றது. அவர் பாடம் சொன்ன கல்லூரி இன்று பல்கலைக்கழகக் கல்லூரி என்னும் பெயரோடு நகரின் நடுவே நிற்கிறது. அதன் வாயிலில் நின்றபோது, கேள்வி கேட்ட இளைஞர் தாமே முன்வந்து சுருதி பிடித்தார். சாலையோரமாக ஒதுங்கி நின்று, மெல்லிய குரலில், இருபது பேரும் அவ்வாழ்த்தைப் பாடினோம்.

வெளியூரிலிருந்து தாயகத்திற்குக் கொடுப்பது ஒரு கடமை என்றால், வாழும் ஊருக்குக் கொடுப்பது மற்றொரு கடமை. இதற்கு எம்.பி. சீனிவாசனை நினைக்கலாம். மானாமதுரையைத் தம் பெயரிலேயே தாங்கியவர். 1960இல் வந்த ‘பாதை தெரியுது பார்’ என்னும் தமிழ்ப் படத்துக்கு இசையமைத்தவர். மலையாளத் திரையிசையில் பெரும்பணி ஆற்றியவர். ஏசுதாசின் முதல் திரைப்பாடல் 1961இல் அவருடைய இசையில்தான் ஒலிப்பதிவானது. சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்து, நாட்டின் பல மொழிப் பாடல்களையும் இளைஞர்களைச் சேர்ந்து பாடவைத்தார். 1988இல், சேர்ந்திசைப் பணிக்காகச் சென்றிருந்த இலட்சத்தீவில் அவர் உயிர் பிரிந்தது. திருவனந்தபுரத்தில் அவர் பெயரால் ஒரு சேர்ந்திசைக் குழு இயங்கி வந்திருக்கிறது. வேற்றுமொழியார் தம் குழுவுக்கு ஒரு தமிழரின் பெயரைச் சூட்டுவதாயின், அது கேட்டுப் பெறும் மரியாதையன்று. கூடிப் பாடிப் பெற்ற மரியாதை.

அன்பர்களே, குழுவோடு பயணம் செல்லும்போது முதலில் பாடுங்கள். பிறகு ஊர் பாருங்கள். பாடும் நாளில் நிழலும் வெந்நீரும் குறைந்த பேச்சும் குரலுக்கு நல்லவை. ஊர் பார்க்கும் நாளில், நாம் பாடும் பாட்டுக்கும் அவ்வூருக்கும் உள்ள உறவை விசாரியுங்கள். அவ்வூர் மொழியில் ஒரு பாட்டையேனும் அவ்வூராரிடமே கற்று வாருங்கள். நாங்கள் மலையாளப் பாட்டு ஒன்றைக் கற்று வந்தோம். உச்சரிப்பு இன்னும் முழுதாகப் படியவில்லை. பக்கத்து வீட்டு மலையாள அம்மையார் வாரந்தோறும் வந்து திருத்துகிறார். அவருக்கு நாங்கள் தமிழ்த்தாய் வாழ்த்தைக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எதிரொலியா என்று கேட்ட இளைஞருக்கு நாங்கள் தனியே விடை சொல்லவில்லை. இப்போது குழுவில் சுருதி பிடிப்பவர் அவரே.